ஒளிவுமறைவற்ற டின் கறி

ப்ளம் ஃபோர்க் ஊரின் போர்க்கால உணவுக் குழுவுக்கு இரண்டு வருடம் நான்தான் குறிப்பெழுதினேன். அந்தப் பதவிக்கு என்னைத் தேர்ந்தெடுத்த காரணம் எளிமையானது. நான் பள்ளியில் தட்டச்சு சொல்லிக்கொடுப்பவள், என்னிடம் ஒரு தட்டச்சு இயந்திரம் இருந்தது. குழுவுக்கு இயந்திரம் தேவைப்பட்டது. நான் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். ஆகவே இங்கே சொல்வதில் ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ எனக்கு வழியில்லை. எல்லாம் ஆர்ஃபா என்ற என் கையெழுத்தோடு மூன்று பிரதிகளில் இருக்கிறது.

முதலில் மாடுகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கம் மனிதரைவிட மாடு அதிகம். கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் மாட்டின் மேல்தான் விழும். தினமும் பகல் பதினொரு மணிக்கு அந்த மாடுகள் ரயிலேறிக் கிழக்கே போகும். வியாழக்கிழமைகளில் கிழக்கிலிருந்து ஒரு ரயில் டின்களோடு வரும். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் போரில் தோற்றுவிடுவோம் என்று குழு நம்பியது, அதனால் ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது.

குழுவின் தலைவர் லெமுவேல் ஸ்ப்ராக். கடைத்தெருவில் முன்பக்கம் கட்டிலும் பின்பக்கம் சவப்பெட்டியும் விற்பவர். இரண்டு வியாபாரத்திலும் வாடிக்கையாளரைப் படுக்கவைத்தே பழகியவர் என்பதால், நின்றுகொண்டு கேள்வி கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது.

அந்த நாளில் ஒரு குடும்பப் பெண்ணின் சாமர்த்தியத்தை நாங்கள் அளந்தது ஒரே ஒரு விதத்தில்தான். டின் கறியை டின் கறியே இல்லை என்று எவ்வளவு தூரம் நம்பவைக்கிறாள் என்று பார்ப்போம். ரேஷன் புத்தகத்தின் சிவப்புச் சீட்டுகளுக்கு ரோஸ்ட் செய்ய ஒரு முழு மாட்டிறைச்சித் துண்டு வாங்குவதென்றால் வாரக்கணக்கில் வயிற்றைக் கட்ட வேண்டும். டின்னுக்குச் சீட்டு குறைவு. டின்னோடு ஒட்டியிருக்கும் சின்னச் சாவியைச் சுற்றித் திறந்தால் உள்ளே செங்கல் வடிவத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கட்டி, அதைச் சுற்றிக் கொழகொழவென்று ஜெல்லி. அந்தக் கட்டியின் முதுகில் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்தி, பழுப்புச் சர்க்கரை தடவிச் சுட்டால் அதற்குப் பன்றித் தொடை என்று பெயர். வெள்ளரித் துண்டுகளைச் செதிலாக அடுக்கினால் மீன். விருந்தாளியும் நாகரிகம் தெரிந்தவராக இருந்தால், மீன் ரொம்பப் புதுசு என்று சொல்லிவிட்டுப் போவார்.

நாற்பத்துநாலாம் வருடம் பிப்ரவரியில் குழு ஒரு போட்டி வைத்தது. லூதரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நீள மேஜை போட்டு இருபத்தோரு தட்டுகள். வங்கிக்காரர் மனைவி, ஆலிவ் காய்களைக் கண்ணாக வைத்து ஒரு வாத்து செய்திருந்தார். போதகர் மனைவி கிராம்புத் தொடை. தலைவரின் மனைவி மூன்று டின்களை இணைத்து, கேரட் பீரங்கிகளோடு ஒரு போர்க்கப்பலே கட்டியிருந்தார். கூடத்தின் சூட்டில் கப்பலின் ஜெல்லி உருகி, ஏழு மணிக்குள் அது முன்பக்கமாக மூழ்கத் தொடங்கியது.

தலைவரின் நிலைமை பரிதாபமாகப் போனது. வாத்துக்குப் பரிசு கொடுத்தால் தேவாலயம் பகை. தொடைக்குக் கொடுத்தால் வங்கி பகை. கப்பலுக்குக் கொடுக்கவோ கப்பலே இல்லை.

அந்த நேரத்தில் பின்கதவு வழியாக ஹில்மா எக்லண்ட் உள்ளே வந்தாள். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. கணவன் ஆக்ஸல் தானியக் கிடங்கில் வேலை, வாரத்துக்கு நாலு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டான். ஒரே மகன் டெல்பர்ட் கான்சாஸில் பட்டாளப் பயிற்சியில் இருந்தான். அன்றைக்கு ஹில்மாவுக்கு ரயில் நிலையத்தில் முறை. எங்கள் ஊர் வழியாகப் போகும் சிப்பாய்களுக்கு முட்டை சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்துவிட்டு ஓட்டமாக வந்தவள், போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றால் நன்றாக இருக்காதே என்று தேவாலயச் சமையலறையில் ஒரு டின்னைத் திறந்து தட்டில் கவிழ்த்தாள். தட்டித் தட்டிப் பார்த்த பிறகுதான் அது பெரிய மனசு பண்ணி விழுந்தது. டின்னின் வரிகள் முதுகில் அப்படியே பதிந்திருந்தன. பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், மேலே ஒரு பார்ஸ்லி இலையை வைத்தாள்.

தலைவர் அந்தத் தட்டைப் பார்த்தார். ஊரில் யாரும் பொறாமைப்படவே முடியாத ஒரு தட்டு. கரையைக் கண்டவர் முகம் அவருக்கு வந்ததை நான் பார்த்தேன்.

அவர் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார். "இந்த மேஜையில இருபத்தோரு டின்னு பொய் சொல்லுது. ஒண்ணு வாத்துங்குது, ஒண்ணு தொடைங்குது. ஒண்ணு," இங்கே மனைவியைப் பார்க்காமல் தாண்டிப் போனார், "கடற்படைங்குது. ஒரே ஒரு டின்னுதான் நான் டின்னுன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுது. இந்தப் பொம்பள ஒண்ணுமே செய்யல. கவனிங்க, ஒண்ணுமே செய்யல. நம்ம குழு ரெண்டு வருஷமா பாடுபடறது இதுக்குத்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஹில்மா யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

பரிசு பெற்ற உணவுக்கு 'எக்லண்ட் ஒளிவுமறைவற்ற இறைச்சி' என்று பெயர் வைத்தோம். மறுவாரம் செய்முறையை எழுதிக்கொள்ள மாநிலத் தலைநகரான லிங்கனிலிருந்து யூடோரா ஃபிஞ்ச் என்ற சமையல் விஞ்ஞான நிபுணர் வந்தார். அவரிடம் ஒரு வெப்பமானி, ஒரு அடிக்கோல், கழுத்தில் தொங்கும் ஒரு கடிகாரம். ஹில்மா டின்னைத் திறந்து கவிழ்ப்பதை ஆறு முறை பார்த்தார். சாவியை எந்தத் திசையில் சுற்றினாள், எத்தனை சுற்றில் மூச்சு வாங்கினாள், கவிழ்த்த பிறகு எத்தனை தட்டு என்று எல்லாம் குறித்துக்கொண்டார். கடைசியில் ஹில்மாவிடம், இந்த முறையை எங்கே கற்றாள் என்று விசாரித்தார். தனக்கு வேறு வழி இருக்கவில்லை என்றாள் ஹில்மா. நிபுணர் அதை 'மரபு' என்ற தலைப்பின் கீழ் எழுதினார். செய்முறை ஒன்பது பக்கம் வந்தது. மூன்று பிரதி அடித்தேன்.

பிறகு ஹில்மாவின் வாசலில் 'மாதிரிச் சமையலறை' என்று பலகை அறைந்தார்கள். அதற்குப் பதினோரு விதிகள். வாரம் பதினான்கு டின் சாப்பிட வேண்டும். அதற்குச் சாட்சியாகப் பதினான்கு காலி டின்களைக் கழுவி, இரண்டு முனையும் வெட்டி, மிதித்துத் தட்டையாக்கி, போர்த் தகரச் சேகரிப்பில் சேர்க்க வேண்டும். புதன்தோறும் இரண்டு முதல் நாலு மணி வரை பொதுமக்கள் வந்து பார்க்கலாம். வந்தார்கள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பெண் டின் திறப்பதைப் பார்த்துவிட்டு, ரொம்ப எளிமையாக இருக்கிறாள் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். ஊரில் விற்ற டின்களிலெல்லாம் குழு அவள் பெயரும் படமும் போட்ட ஒரு சீட்டை ஒட்டியது. கறிக்கடைக்காரர் எமில் கோவாரின் கல்லாவுக்கு மேலே அவள் புகைப்படத்தைப் பெரிதாக மாட்டி, அதன் கீழே 'இவருக்கு மாட்டிறைச்சி தேவைப்படவில்லை' என்று எழுதினார்கள். மூன்றாவது வாரம் எக்லண்ட் வீட்டு நாய் தட்டை முகர்ந்துவிட்டு வேலிக்கு அந்தப்பக்கம், என் வீட்டுக்குக் குடிவந்தது. நாய் போனதைக் குழுவில் விவாதித்து, நாய் ஜெர்மன் இனம் என்று குறிப்பெழுதச் சொன்னார்கள். அது வெறும் தெருநாய்.

இதற்கெல்லாம் நானும் கை தூக்கினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை நான் சொல்லக்கூடாது.

மே மாத ஆரம்பத்தில் ஹில்மா வேலியோரம் வந்து ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினாள். டெல்பர்ட் எழுதியது. எங்கள் குழுவின் செய்முறையை ஒரு அட்டையில் சுருக்கி அச்சிட்டுப் பட்டாள முகாம்களுக்கும் அனுப்பியிருந்தோம். அனுப்பியதை நானே மறந்திருந்தேன்.

'அம்மா,' என்று எழுதியிருந்தான், 'மார்ச் வரைக்கும் இங்கே டின் கறியை வறுத்தாவது போட்டார்கள். மார்ச்சில் ஒரு அட்டை வந்தது. சமையல்காரன் அதைச் சுவரில் ஒட்டிவிட்டு வாணலியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டான். இப்போது மூன்று வேளையும் அப்படியே, ஜெல்லியோடு, மேலே ஒரு இலையோடு வருகிறது. அட்டையில் மிஸஸ் ஏ. எக்லண்ட் என்று இருக்கிறது. போர் முடிந்ததும் அந்த அம்மாளைத் தேடிப்போய் நாலு கேள்வி கேட்பதாகக் கூடாரத்தில் எல்லோரும் சத்தியம் செய்திருக்கிறார்கள். உனக்குச் சொந்தமா என்று என்னைக் கேட்டார்கள். ஸ்வீடன்காரர்களில் பாதிப்பேர் எக்லண்ட்தான் என்று சொல்லிவிட்டேன். அம்மா, அது நீ இல்லையே?'

கீழே இன்னும் நாலு வரி இருந்தது. அவனுக்கு விடுமுறை கிடைத்திருக்கிறது. ஞாயிறு மத்தியானம் வந்து செவ்வாய்க்கிழமை போக வேண்டும். அதற்கு அப்புறம் கப்பல். எங்கே என்று சொல்லவில்லை. அவன் பிறந்தநாளுக்கு அவள் எப்போதும் செய்யும் மாட்டிறைச்சி ரோஸ்ட், வெங்காயமும் கேரட்டும் போட்டு மூன்று மணி நேரம் அடுப்பில் வேகவிடுவது, அது ஒரு தட்டு கிடைத்தால் போதும் என்று எழுதியிருந்தான். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, டின் திறக்கும் சத்தம் கேட்காமல் இருந்தால் போதும்.

"என் பேர்ல, ஆர்ஃபா," என்றாள் ஹில்மா. "என் பேரச் சொல்லி என் புள்ளைக்கே இந்தக் கொழகொழப்பப் போட்டிருக்காங்க. அவன் கப்பலேர்றதுக்கு முன்னாடி ஒரு வேள, ஒரே ஒரு வேள, நான் கறி சமைச்சுப் போடணும். அது நடக்கலன்னா நான் என்ன அம்மா?"

கடிதத்தை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒன்பது பக்கத்தையும் அடித்த விரல்கள் என்னுடையவை.

டின்களைக் குழுவே கொடுத்ததால் அவளிடம் சிவப்புச் சீட்டுகள் மிஞ்சியிருந்தன. இரண்டு மாதமாக டின்களில் ஒட்டியிருந்த கொழுப்பை டப்பாவில் சேர்த்துப் போர்ச் சேகரிப்பில் கொடுத்துக் கூடுதலாகவும் வாங்கிவைத்திருந்தாள். ஆக, சட்டத்தில் ஒரு தடையும் இல்லை. தடை கல்லாவுக்கு மேலே தொங்கியது. எமில் கோவார் நல்ல மனிதர். ஹில்மாவைப் பார்த்தார், தலைக்கு மேலிருந்த ஹில்மாவைப் பார்த்தார், மறுபடியும் கீழே நின்றவளைப் பார்த்தார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவளுக்கு எப்படிக் கறி வெட்டுவது, குழு தன் கடையையே மூடிவிடும் என்று முணுமுணுத்தார். குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வந்தால் ஊரிலேயே நல்ல துண்டாகத் தருவதாகச் சொன்னார்.

ஹில்மா குழுவின் முன்னால் வந்து நின்றாள். நிற்பது தலைவருக்குப் பிடிக்கவில்லை, உட்காரச் சொன்னார். மகன் வருகிறான், ஒரு வேளைக்கு மட்டும் மாதிரிச் சமையலறையாக இல்லாமல் இருக்கலாமா என்று அவள் கேட்டாள்.

தலைவர் நீண்ட நேரம் அவளைக் கருணையோடு பார்த்தார். "மிஸஸ் எக்லண்ட், என் வீட்டையே எடுத்துக்குங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நான் மாட்டுக்கறி ஸ்டேக் சாப்பிடறேன். மறைக்கல. ஏன்னா நான் மாதிரி கெடையாது, தலைவரு. மாதிரியா இருக்கிற பெருமைய ஊரு உங்களுக்குத்தான் குடுத்திருக்கு. எல்லாரும் மாதிரி ஆயிட்டா, அப்புறம் யாரப் பாத்து யாரு கத்துக்கறது? நான் ஸ்டேக் சாப்பிடறதே உங்க தியாகம் வீணாப் போயிரக்கூடாதுன்னுதான்."

பதவி விலக முடியுமா என்று கேட்டாள். குழுவிலேயே தங்கிவிட்ட யூடோரா ஃபிஞ்ச் பதினோராவது விதியைப் படித்தார். அதன்படி மாதிரிச் சமையலறை தானாக விலக முடியாது. அங்கே பரிமாறும் இறைச்சி டின்னின் தரத்துக்குக் குறைவாக இருப்பதாகக் குழு ருசித்துப் பார்த்துத் தீர்மானித்தால் மட்டுமே பட்டம் பறிக்கப்படும். டின்னைத் திறந்து கவிழ்ப்பதில் தரம் குறைய வழியே இல்லை என்பதால் அது எழுதுவதற்காக எழுதிய விதி என்று அவரே விளக்கினார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சிப்பாய் வீடு திரும்பித் தாய் கையால் டின் கறி சாப்பிடும் காட்சியை உலகம் பார்க்க வேண்டும் என்று தலைவருக்குத் தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் குழுவே போவதென்றும், புகைப்படக்காரரைக் கூட்டிப்போவதென்றும், முடிந்தால் சிப்பாயின் கண்ணில் நீர் வர ஏற்பாடு செய்வதென்றும் தீர்மானம் நிறைவேறியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அனுமதி கேட்கப் போனவள் ஐந்து விருந்தாளிகளோடு வீடு திரும்பினாள்.

அன்று சாயங்காலம் ஆக்ஸல் அந்த வாரத்துக்கான வாக்கியங்களில் ஒன்றைச் செலவழித்தான். "போட்டோவுல நான் இல்லியே," என்றான்.

உண்மைதான். கல்லாவுக்கு மேல் ஹில்மா மட்டும்தான் இருந்தாள். அவள் கணவனுக்கு மாட்டிறைச்சி தேவைப்படவில்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மறுநாள் ஆக்ஸல் சீட்டுகளோடு போய் நின்றான். எமில் விதிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர, நாலு பவுண்டுத் தோள்கறி வெட்டிக் கட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை காலை அது அடுப்பில் ஏறியது. ஒன்றரை மணி நேரத்தில் வாசனை தெருவுக்குப் போய்விட்டது. நான் ஜன்னல்களைச் சாத்தினேன். புகைபோக்கியை எப்படிச் சாத்துவது? தபால்காரர் எக்லண்ட் வீட்டு வாசலில் இல்லாத கடிதத்தைப் பையில் பத்து நிமிடம் தேடினார். கூரை வேய்ந்துகொண்டிருந்த இரண்டு பேர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். என் வீட்டுக்குக் குடிவந்த நாய் வேலியைத் தாண்டித் தாய்நாடு திரும்பியது. நான் ஓடிப்போய் என் வீட்டில் இருந்த முட்டைக்கோஸ் முழுவதையும் பெரிய பாத்திரத்தில் போட்டு மூடாமல் கொதிக்கவிட்டேன். அதற்கப்புறம்தான் தபால்காரர் நகர்ந்தார்.

வாசனையை அடக்கியாயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேஜையில் குழு உட்கார்ந்திருக்கும்போது டெல்பர்ட்டுக்கு மட்டும் எப்படி ரோஸ்ட் வைப்பது? நானும் ஹில்மாவும் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். திடீரென்று அவள் எழுந்து, தட்டையாக்கக் கழுவி வைத்திருந்த காலி டின்களில் நாலை எடுத்தாள். வெந்த கறியைப் பிய்த்து அதில் அழுத்தி அடைத்தாள். எலும்பு வெந்த சாற்றை மேலே ஊற்றினாள். ஒவ்வொன்றின் மேலும் இஸ்திரிப் பெட்டியும் கல்லுமாகப் பாரம் ஏற்றி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் காலையில் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தோம். தட்டித் தட்டிப் பார்த்த பிறகு விழுந்தது. செங்கல் வடிவம், முதுகில் டின் வரிகள், சுற்றிலும் ஜெல்லி. நிறம் மட்டும் கொஞ்சம் கறுப்பு, அதற்குப் பீட்ரூட் சாறு தடவினாள். மேலே ஒரு பார்ஸ்லி இலை. இரண்டு வருடமாக ஊரே டின்னுக்குக் கறி வேஷம் கட்டிக்கொண்டிருந்தது. முதல்முறையாக ஒருத்தி கறிக்கு டின் வேஷம் கட்டினாள்.

"சாமி, அந்தத் தலைவரு கண்ணு இதுமேல படாம இருக்கணும்," என்றாள் ஹில்மா. திட்டம் எளிது. விருந்தாளிகளுக்கு அசல் டின் கறி ஒரு பெரிய தட்டில். சிப்பாய்க்கு மரியாதையாகத் தனியாக ஒரு சின்னத் தட்டு.

மத்தியான ரயிலில் டெல்பர்ட் வந்தான். இளைத்திருந்தான். காதுகள் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தன. நிலையத்திலேயே தலைவர் அவனைப் பிடித்துக்கொண்டு வரவேற்புரை படித்ததால், தாயும் மகனும் ஒரு வார்த்தை தனியாகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தான், வாசல் பலகையைப் படித்தான், மேஜையில் உட்கார்ந்தான். எதிரே தலைவர், யூடோரா ஃபிஞ்ச், புகைப்படக்காரர், வங்கிக்காரரும் போதகரும் ஆளுக்கொரு பக்கம், ஓரத்தில் குறிப்பேட்டோடு நான். ஹில்மா சின்னத் தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் அந்தக் கட்டியைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அம்மா," என்றான் மெதுவாக. "அப்போ அது நீதானா?"

ஹில்மாவால் என்ன சொல்ல முடியும்? ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சாப்பிடுப்பா," என்றாள். கத்தியை எடுத்து அவன் பக்கம் வைத்தாள்.

நல்ல பிள்ளை. மறுபேச்சுப் பேசாமல் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டான். மென்றான். தாடை நின்றது. இன்னொரு தடவை மெதுவாக மென்றான். முகத்தை அசைக்காமல் இருக்கப் பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், ஆனால் கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு கண்ணும் நிறைந்து வழிந்தன. புகைப்படக்காரரின் விளக்கு பளிச்சென்று அடித்தது.

தலைவர் எழுந்துவிட்டார். இந்த நாட்டை எவனாலும் ஜெயிக்க முடியாது என்றார். சிப்பாயின் தட்டிலிருந்தே ஒரு வாய் சாப்பிடுவது தன் பாக்கியம் என்று சொல்லி, யாரும் தடுப்பதற்குள் முள்கரண்டியை நீட்டினார். யூடோரா ஃபிஞ்ச்சும் ஒரு துண்டு எடுத்தார்.

ஹில்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு அதை எடுக்க மேஜைக்கு அடியில் போனேன், கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

மேலே தலைவர் மெல்லும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நான் எழுந்தபோது அவர் புருவம் சுருங்கியிருந்தது. நிபுணர் அடிக்கோலை எடுத்து அந்தக் கட்டியை அளந்துகொண்டிருந்தார். அளவு சரி, ஜெல்லி சரி, இலை சரி என்று தலைவரின் காதில் சொன்னார். அப்புறம் இருவரும் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்துவிட்டு வந்தார்கள்.

"மிஸஸ் எக்லண்ட், மனசக் கல்லாக்கிக்கிட்டுச் சொல்றேன்," என்றார் தலைவர். "இது டின்னோட தரத்துக்கு இல்ல. நாரு நாரா இருக்கு, பல்லுல மாட்டுது. நல்ல டின் கறியில பல்லுக்கு வேலையே கெடையாது, அதுதான் அதோட அழகு. வெங்காய வாசன வேற. இன்னொண்ணும் இருக்கு, புள்ள முன்னாடி சொல்லவே சங்கடமா இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "இதுல மாட்டு வாட அடிக்குது."

ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டேக் தின்கிற மனிதர். ஆனால் கண் டின் என்று சொல்லிவிட்ட பிறகு எதிர்த்துப் பேச அவர் நாக்குக்குத் தைரியம் இல்லை.

தயாரிப்பில் என்ன தவறு நடந்தது என்று நிபுணர் விசாரித்தார். அதிக நேரம் எடுத்துக்கொண்டுவிட்டதாக ஹில்மா ஒப்புக்கொண்டாள். எதற்காகவாவது அதிக நேரம் எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும் என்றார் நிபுணர். அந்த மேஜையிலேயே பதினோராவது விதியின் கீழ் பட்டம் பறிக்கப்பட்டது. பலகையைக் கழற்றவும், கறிக்கடைப் படத்தை இறக்கவும், டின்களில் இனி அவள் பெயர்ச் சீட்டை ஒட்டாமல் இருக்கவும் தீர்மானித்தோம். இதே மாதிரி இன்னும் எத்தனை கட்டி செய்திருக்கிறாள் என்று தலைவர் கேட்டார். இன்னும் மூன்று என்று ஹில்மா உண்மையைச் சொன்னாள். அவை வெளியே போய்ப் பொதுமக்கள் மனதைக் கெடுத்துவிடக்கூடாது, இன்று பொழுது சாய்வதற்குள் இந்தக் குடும்பமே எல்லாவற்றையும் தின்று தீர்க்க வேண்டும், இது தண்டனை என்று உத்தரவு போட்டார். பிறகு அசல் டின் கறித் தட்டை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு குழு வெளியேறியது.

கதவு சாத்தியது. டெல்பர்ட் தட்டை அம்மா பக்கம் நகர்த்தினான். "இன்னொரு தண்டன போடும்மா," என்றான். அப்புறம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், சாப்பிட்டுக்கொண்டேதான். ஆக்ஸல் தட்டில் உருகிய சாற்றைத் துடைக்க இன்னொரு ரொட்டித் துண்டு கேட்டான். மேஜைக்கு அடியில் நாய் கண்ணை மூடிப் படுத்திருந்தது. அந்த வீட்டில் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவனை வழியனுப்பப் போனோம். கிழக்கே போகும் மாட்டு ரயிலுக்கு வழிவிட்டு அவன் ரயில் நாற்பது நிமிடம் காத்து நின்றது. தலைவரும் வந்திருந்தார். டெல்பர்ட்டின் தோளைத் தட்டி, அம்மாவைத் தப்பாக நினைக்காதே, போர் நேரத்தில் யாருக்கும் கை தவறும் என்றார்.

"நெனைக்க மாட்டேன் சார்," என்றான் டெல்பர்ட். "நான் திரும்பி வந்ததும் அதே தப்ப இன்னொரு தடவ பண்ணச் சொல்லியிருக்கேன்."

திரும்பி வந்ததும் என்று அவன் சொன்னபோது ஹில்மா வேறுபக்கம் பார்த்தாள். அப்புறம் அவன் பையில் ஒரு டின்னைத் திணித்தாள். மூடியை நூல் போட்டுக் கட்டியிருந்தாள். மேலே அவள் படமும் பெயரும் போட்ட பழைய சீட்டு. நாலாவது கட்டி அது. குழுவின் உத்தரவில் அவள் மீறியது அது ஒன்றுதான். நாலும் தின்று தீர்க்கப்பட்டன என்று குறிப்பில் நான் எழுதியது பொய். மூன்று பிரதியிலும் பொய்.

இரண்டு வாரம் கழித்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. ஊர்ப் பெயர் இருந்த இடங்களைத் தணிக்கைக்காரர் கத்தரித்திருந்தார். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: 'அம்மா, ரயில் பெட்டியில் எண்பது பேர், எல்லோரும் பசியோடு. ஆளாளுக்கு வைத்திருந்ததைப் பிடுங்கித் தின்றார்கள். நான் டின்னை எடுத்து மடியில் வைத்தேன். சீட்டில் உன் பெயரைப் படித்ததும் மூன்று வரிசை காலியாகிவிட்டது. ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டேன். ஒருத்தனும் பங்கு கேட்கவில்லை.'